கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: இரண்டு மெஷின், ஒரே செட்டிங்ஸ்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், வேலை பார்க்கும் இடத்தில் இன்னொன்று; இரண்டிலும் செட்டிங்ஸ் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மாதிரி ஃபைலை இணையத்தில் வைத்து எல்லா மெஷினுக்கும் கொண்டுசேர்க்கும் கிளவுட் சேவை ஒன்று கையில் இருக்கிறது, அதை வைத்து முடித்துவிட முடியாதா? முடியும். எதைக் கொண்டுபோகலாம், எதைத் தொடவே கூடாது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறேன்.

இரண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். வீட்டில் டெஸ்க்டாப், வெளியே போனால் லேப்டாப். வேர்ட், லிப்ரே ஆபீஸ் இரண்டும் உண்டு. வருஷக்கணக்காக ஆட்டோகரெக்டில் சேர்த்ததும் சொந்தச் சொற்பட்டியலும் டெஸ்க்டாப்பில் மட்டும்தான். மொத்த செட்டிங்ஸ் ஃபோல்டரையும் டிராப்பாக்ஸில் போட்டுவிடலாமா?
— மெய்ப்புத் திருத்துநர், கும்பகோணம்

மொத்தமும் வேண்டாம் அம்மா. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பலதும் கலந்து கிடக்கும். நீங்கள் உட்கார்ந்து சேர்த்தது கொஞ்சம்: சொற்பட்டியல், ஆட்டோகரெக்ட் (தட்டச்சு செய்யும்போதே தானாகத் திருத்தும் பட்டியல்), டெம்ப்ளேட் (மாதிரி ஃபைல்). அந்த மெஷினுக்கு மட்டுமே பொருந்துவது கொஞ்சம்: எந்த பிரிண்டர், கடைசியாகத் திறந்த ஃபைல்கள், ஜன்னல் திரையில் எங்கே நின்றது. மீதியெல்லாம் அந்த சாஃப்ட்வேர் தன் வசதிக்குப் போட்டுவைத்த தற்காலிகக் குப்பை. எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனால், வீட்டுப் பெரிய மானிட்டரில் வலது ஓரமாக நின்ற ஜன்னல் லேப்டாப்பில் திரைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். ‘வேர்ட் திறக்கவே மாட்டேங்குது சார்’ என்று கடைக்கு வருகிறவர்களில் சிலருக்கு வேர்ட் ஒழுங்காகத்தான் திறந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் லிப்ரே ஆபீஸ் நல்ல பிள்ளை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் லிப்ரே ஆபீஸ் என்ற தலைப்பின் கீழ் ‘பாத்ஸ்’ என்பதைத் திறங்கள். ஆட்டோகரெக்ட், டிக்‌ஷனரீஸ், டெம்ப்ளேட்ஸ் ஒவ்வொன்றும் எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். டிராப்பாக்ஸுக்குள் ‘மெய்ப்பு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பழைய இடத்தில் உள்ள ஃபைல்களை அங்கே நகலெடுத்து, இரண்டு மெஷினிலும் அதையே காட்டிவிடுங்கள். பிரிண்டரும் ஜன்னலும் அந்தந்த மெஷினோடு நின்றுவிடும், சொற்கள் மட்டும் பயணம் செய்யும்.

வேர்டில் பாதி எளிது, பாதி முரண்டு. சொற்பட்டியலுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், கஸ்டம் டிக்‌ஷனரீஸ். அங்கே ‘ஆட்’ கொடுத்து டிராப்பாக்ஸில் வைத்த டிக் (.dic) என்று முடியும் சொற்பட்டியல் ஃபைலைச் சேருங்கள். அதோடு எழுந்துவிடக் கூடாது. அதைத் தேர்ந்தெடுத்து ‘சேஞ்ச் டிஃபால்ட்’ அழுத்தினால்தான் இனிமேல் சேர்க்கும் சொல் அதில் போய் விழும். இல்லாவிட்டால் புதுச் சொற்கள் பழைய ஃபைலிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். கிளவுட் சரியாக வேலை செய்யவில்லை என்று நீங்கள் அதைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த டிக் ஃபைல் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்து பார்க்கலாம், இரண்டு பட்டியலை ஒட்டவும் செய்யலாம். சேமிக்கும்போது என்கோடிங்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

முரண்டு பிடிப்பது ஆட்டோகரெக்ட். அது இருக்கும் இடத்தை மாற்ற வேர்டில் வழி இல்லை. ரன் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடித்தால் ரோமிங் என்ற ஃபோல்டர் திறக்கும். அதற்குள் மைக்ரோசாப்ட், அதற்குள் ஆபீஸ். அங்கே எம்எஸ்ஓ என்று தொடங்கி, ஒரு எண்ணோடு, ஏசிஎல் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். அந்த எண்தான் மொழி: 1033 அமெரிக்க ஆங்கிலம், 1097 இந்தியத் தமிழ். தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்திருந்தால் உங்கள் சரக்கு 1097-இல் இருக்கும். ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டுத் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு 1033-இல் கிடக்கும். வேர்டையும் அவுட்லுக்கையும் மூடிவிட்டு அந்த ஃபைலை டிராப்பாக்ஸுக்கு நகலெடுங்கள், அடுத்த மெஷினில் அதே இடத்தில் போடுங்கள். இது பழையதோடு சேராது, அதன் மேல் ஏறி உட்காரும். அதனால் சொல் சேர்க்கும் வேலையை ஒரே மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நகலெடுத்தால் போதும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று வடிவத்தோடு சேர்த்த ஆட்டோகரெக்ட் மட்டும் இதில் வராது. அது நார்மல் டெம்ப்ளேட்டுக்குள் இருக்கிறது.

பள்ளி லேப்டாப்பும் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே ஒன்டிரைவ் கணக்கில்தான் இருக்கின்றன. இரவு வீட்டில் மாற்றிய டெம்ப்ளேட் காலையில் பள்ளியில் பழைய மாதிரியே இருக்கிறது. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான்.
— ஆசிரியை, பென்னாகரம்

கடைசி வரியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள் டீச்சர். ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’, அதாவது அளந்து கொடுக்கும் இணைப்பு என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டால், உங்கள் டேட்டா தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒன்டிரைவ் தானாக நின்றுவிடும். பேட்டரி சேவர் ஓடும்போதும் அப்படியே. இரண்டும் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் தனித்தனித் தேர்வுகளாக இருக்கின்றன, டிக்கை எடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட் சில கேபிதான், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. புகைப்படங்களும் அதே ஒன்டிரைவில் போகிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

காலையில் பள்ளியில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப்பைத் திறந்த கையோடு வேர்டைத் திறக்காதீர்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மேகப் படம் சுழல்வது நிற்கட்டும். பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து, ஒரு கோடு மாற்றிச் சேமித்துவிட்டால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் உண்டாகிவிடும். ஒன்டிரைவ் எதையும் அழிக்காது. ஒன்றின் பெயரோடு கம்ப்யூட்டரின் பெயரை ஒட்டி இரண்டையும் வைத்துக்கொள்ளும். எது புதியது என்று கண்டுபிடிக்கிற வேலை உங்கள் தலையில்.

அந்த டெம்ப்ளேட் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெயர் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கும், ஃபைல் இணையத்தில் இருக்கும். நெட் இல்லாத வகுப்பறையில் அது திறக்காது.

ஒரு பழைய வழிகாட்டியைப் பார்த்து, டிராப்பாக்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டு, அதை ஆப்டேட்டாவில் உள்ள செட்டிங்ஸ் ஃபோல்டரைக் காட்டும்படி வைத்தேன். இன்னொரு லேப்டாப்பில் எதுவுமே வரவில்லை. கட்டளை தப்பா?
— பொறியியல் மாணவர், கோவில்பட்டி

கட்டளை சரி தம்பி, திசைதான் தப்பு. சிம்பாலிக் லிங்க் என்பது ஓர் இடத்தில் நின்று இன்னோர் இடத்தில் உள்ள ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டும் கைகாட்டி. அந்த வழிகாட்டி எழுதிய காலத்தில் அது வேலை செய்தது. தன் ஃபோல்டருக்கு வெளியே கைகாட்டும் லிங்க்குகளின் பின்னால் போவதை டிராப்பாக்ஸ் 2019-இல் நிறுத்திவிட்டது. இப்போது உண்மையான ஃபைல்கள் கிளவுட் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். லிங்க், சாஃப்ட்வேர் தேடிப் போகும் பழைய இடத்தில் இருக்க வேண்டும். இந்தத் திசையில் வைத்தால் டிராப்பாக்ஸுக்கு லிங்க் இருப்பதே தெரியாது. அதன் கண்ணில் படுவதெல்லாம் சாதாரண ஃபைல்.

முதலில் சாஃப்ட்வேரை முழுதாக மூடு. செட்டிங்ஸ் ஃபோல்டரை டிராப்பாக்ஸுக்குள் நகர்த்து. பச்சை டிக் விழும் வரை காத்திரு. பிறகு கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸில் கட்டளை தட்டும் ஜன்னல்) எம்கேலிங்க், சாய்கோடு ஜே, அடுத்து லிங்க் இருக்க வேண்டிய இடம், கடைசியாக உண்மையான ஃபோல்டர். நகலெடுக்கும் கட்டளைக்கு நேர்மாறான வரிசை என்பதால் பலரும் இங்கே தடுமாறுவார்கள். பவர்ஷெல்லில் அடித்துவிட்டு ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது’ என்று எழுதாதே. அது பழைய கமாண்ட் பிராம்ப்டுக்குள் இருக்கும் கட்டளை. இரண்டாவது லேப்டாப்பில் அங்கே ஏற்கெனவே உள்ள ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அதே லிங்க்கைப் போடு. ஜே என்பது ஜங்ஷன். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்காது, ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தும்.

ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைலுக்கு மட்டும் லிங்க் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பாய். பல சாஃப்ட்வேர்கள் ஃபைலைச் சேமிக்கும் விதமே வேறு. புதிதாக ஒரு தற்காலிக ஃபைலை எழுதிவிட்டு, பழையதைத் தூக்கிப் போட்டு, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டும். அப்படித் தூக்கிப் போடும்போது உன் லிங்க்கும் சேர்ந்து போய்விடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் லிங்க் இருந்த இடத்தில் சாதாரண ஃபைல் இருக்கும், எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. அதனால் எப்போதும் ஃபோல்டருக்கே லிங்க்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். செட்டிங்ஸ் ஃபைலுக்குள்ளேயே முழுப் பாதை எழுதியிருந்தால், ஒரு லேப்டாப்பில் உன் பெயரிலும் இன்னொன்றில் அண்ணன் பெயரிலும் யூசர் இருந்தால் அது உடையும். சில சாஃப்ட்வேர்கள் ஃபோல்டரில் எதுவும் வைப்பதில்லை, எல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் குறிப்பேட்டில்தான். தூரத்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் புட்டி அப்படித்தான். அதற்கு ஜங்ஷன் போட்டுப் பயனில்லை. ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துப்போக வேண்டும். கூகுள் டிரைவ் வைத்திருந்தால் ‘ஸ்ட்ரீம்’ முறையை விட்டு ‘மிரர்’ முறைக்கு மாறு. ஸ்ட்ரீமில் அது தனி டிரைவ் எழுத்தாக நிற்கும், ஜங்ஷனோடு ஒத்துவராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: எந்த சாஃப்ட்வேருக்காக இதைச் செய்கிறாய்? நிரல் எழுதும் விஎஸ் கோட் என்றால் 2020-லிருந்தே செட்டிங்ஸ் சிங்க், அதாவது மெஷின்களுக்கிடையே செட்டிங்ஸை ஒன்றாக வைக்கும் வசதி, உள்ளேயே இருக்கிறது. கிட்ஹப் கணக்கிலோ மைக்ரோசாப்ட் கணக்கிலோ உள்ளே போனால் போதும். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்றால் ப்ரிஃபரன்ஸஸில் கிளவுட் என்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டிவிட்டு மூடித் திற. ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமுக்கும் சொந்த சிங்க் உண்டு. சாஃப்ட்வேரைச் செய்தவனே வழி வைத்திருக்கும்போது லிங்க் போட்டு அழகு பார்ப்பது தேவையில்லாத வேலை. உன் வயதில் அதுதான் சுவாரஸ்யம் என்பதும் தெரியும்.

டேலி டேட்டா ஃபோல்டரை ஒன்டிரைவில் வைத்து அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே கம்பெனியைத் திறக்க முடியுமா? ஆடிட்டர் சார் செய்யச் சொல்கிறார்.
— ஆடிட்டர் அலுவலக ஊழியர், காரைக்குடி

கூடாது. இதைக் கிழித்து அவர் மேஜையில் வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் செட்டிங்ஸ். எப்போதாவது மாறும் சின்ன ஃபைல்கள். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியின் டேட்டா அப்படி அல்ல. ஒரு வவுச்சரைப் பதிந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ள ஃபைல்களில் மாற்றம் நடக்கும். ஒன்டிரைவுக்கு அந்தச் சம்பந்தம் தெரியாது, ஒவ்வொரு ஃபைலாகத்தான் தூக்கும். கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேரேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாக உருவி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவதுபோல. வீட்டிலும் அதே நேரத்தில் திறந்திருந்தால் இரண்டு பிரதி ஆகும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க யாராலும் முடியாது. மார்ச் மாதக் கடைசியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்றால் அலுவலக மெஷினை ஓடவிட்டு, ரிமோட்டில் அதற்குள் போய்ப் பாருங்கள். டேட்டா ஓர் இடத்தில்தான் இருக்கும். அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதிவது என்றால் அதற்குத்தான் கோல்டு லைசென்ஸ். சில்வர் ஒருவருக்கு மட்டும். ஒன்டிரைவுக்கும் வேலை உண்டு. மாலையில் கம்பெனியை மூடிவிட்டு, டேலியின் மெனுவிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை ஒன்டிரைவில் போடுங்கள். அதை யாரும் திறந்து எழுதப்போவதில்லை என்பதால் பத்திரமாக இருக்கும்.

தண்டர்பேர்ட் ப்ரொஃபைலை டிராப்பாக்ஸில் வைத்தேன். இன்பாக்ஸ் சில சமயம் காலியாகத் தெரிகிறது. ரிட்டயர் ஆன பிறகு இது ஒன்றுதான் எனக்கு ஆபீஸ்.
— வங்கி அதிகாரி (ஓய்வு), நாகர்கோவில்

டேலிக்குச் சொன்ன அதே காரணம்தான் சார். மெயில் பார்க்கும் சாஃப்ட்வேரான தண்டர்பேர்டின் முகவரிப் புத்தகம் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ். அந்த வகை டேட்டாபேஸ்கள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே துணை ஃபைல்களையும் வைத்துக்கொள்ளும். தாய் ஃபைலும் துணை ஃபைலும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அடுத்த மெஷினில் கிடைப்பது அரைகுறை. அஞ்சலும், வழக்கமான அமைப்பில், ஒரு ஃபோல்டர் முழுவதுமே ஒரே ஃபைலாக இருக்கும். ஒரே ஒரு கடிதம் வந்தாலும் அந்தப் பெரிய ஃபைல் மாறிவிட்டதாகக் கணக்கு.

ப்ரொஃபைலை, அதாவது உங்கள் அஞ்சலும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டரை, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் வகையைப் பாருங்கள். பாப் (அஞ்சலை மெஷினுக்கு இறக்கிவிடும் முறை) என்று இருந்தால் ஐமேப்புக்கு மாறுங்கள். ஐமேப்பில் அஞ்சல் சர்வரிலேயே இருக்கும், எத்தனை மெஷினில் திறந்தாலும் ஒரே காட்சி. பாப் வழியாக முன்பே இறங்கிவிட்ட பழைய கடிதங்கள் உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கும். அதனால் பழைய கணக்கை அழிக்காமல், ஐமேப்பைப் புதுக் கணக்காகச் சேர்த்து, வேண்டிய கடிதங்களை அதற்கு இழுத்துப் போடுங்கள். முகவரிகளை சர்வரோடு ஒன்றாக வைக்கும் கார்ட்டேவ் வசதி தண்டர்பேர்டிலேயே உண்டு. கூகுள் காண்டாக்ட்ஸோடு இணைக்கலாம். நீங்கள் கையால் கொண்டுபோக வேண்டியதாக மிஞ்சுவது, வரும் கடிதங்களைப் பிரித்துப் போடும் ஃபில்டர் விதிகள். அவை அந்தக் கணக்கின் ஃபோல்டருக்குள் எம்எஸ்ஜி ஃபில்டர் ரூல்ஸ் என்ற சின்ன ஃபைலில் இருக்கின்றன. தண்டர்பேர்டை மூடிவிட்டு நகலெடுங்கள்.

ஃபைல்ஜில்லாவில் எல்லா வாடிக்கையாளர்களின் சர்வர் விவரமும் இருக்கிறது. அந்த ஃபோல்டரை கூகுள் டிரைவில் வைத்தால் பாதுகாப்பா?
— வெப் டிசைனர், சேலம்

மாஸ்டர் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால், சர்வருக்கு ஃபைல் ஏற்றி இறக்கும் ஃபைல்ஜில்லாவின் சைட் மேனேஜர் ஃபைலில் பாஸ்வேர்டுகள் பேஸ்64 என்ற எழுத்துமாற்றத்தில்தான் கிடக்கின்றன. அது பூட்டு அல்ல, திரைச்சீலைகூட அல்ல. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் படிக்கலாம். உங்கள் டிரைவ் கணக்கு ஒருவர் கையில் போனால் எல்லா வாடிக்கையாளரும் சேர்ந்து போவார்கள். முதலில் மாஸ்டர் பாஸ்வேர்ட், பிறகு கிளவுட்.

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. அதன் ஃபைல் முழுவதும் பூட்டப்பட்டது என்பதால் கிளவுடில் வைக்கலாம். நீங்கள் திறந்து வைத்திருக்கும்போது வேறு மெஷினிலிருந்து ஃபைல் மாறியிருந்தால், சேமிக்கும் நேரத்தில் மேலெழுதவா, இரண்டையும் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்கச் சொல்லுங்கள். கீ ஃபைல் பயன்படுத்துகிறவர்கள் அதையும் அதே கிளவுட் ஃபோல்டரில் வைத்தால், கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கணக்கு. அதைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

இலவசக் கணக்கு போதுமா? எது நல்லது?
— பெயர், ஊர் எழுதாதவர்

செட்டிங்ஸுக்கு எதுவும் போதும். டிராப்பாக்ஸ் இலவசத்தில் 2 ஜிபி, ஒன்டிரைவ் 5, கூகுள் 15. கூகுளில் மெயிலும் போட்டோவும் அதே 15-க்குள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் மூன்று கருவிகளைத்தான் இணைக்கலாம், மொபைலையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே இருப்பதால் பலருக்கும் ஒன்டிரைவ்தான் நான் போட்டுக்கொடுப்பது. எந்தக் கம்பெனி சர்வரும் வேண்டாம் என்பவர்களுக்கு சிங்திங் இருக்கிறது, இலவசம். அது நேரடியாக மெஷினுக்கு மெஷின் அனுப்பும், ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை அணைத்துவிட்டு இன்னொன்றுக்குப் போகிற ஆளுக்கு ஒத்துவராது.

கிளவுடில் எல்லாம் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

ஒரு மெஷினில் நீங்கள் அழித்தால் எல்லா மெஷினிலும் அழியும். சிங்க் என்றால் அதுதான். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் அழித்ததை 30 நாளுக்குள் மீட்கலாம், தனிநபர் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னிலும் 30 நாள். தீபாவளிக்கு ஒரு காலண்டர் டெம்ப்ளேட் அழிந்து, அது அடுத்த சீசனில்தான் தெரிய வந்தால் எங்கே போய்த் தேடுவீர்கள்? ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

கிளவுட் ஃபோல்டரில் ஃபான்ட் எல்லாம் போட்டுவைத்தேன். இன்னொரு கம்ப்யூட்டரில் பாமினி ஃபைல் கட்டம் கட்டமாகவும் ஆங்கிலமாகவும் தெரிகிறது.
— டிடிபி சென்டர், மன்னார்குடி

ஃபோல்டரில் இருந்தால் ஃபான்ட் வேலை செய்யாது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய ஃபான்ட்; அது இல்லாத மெஷினில் ஆங்கிலமாகத்தான் தெரியும். ஒவ்வொரு மெஷினிலும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், இன்ஸ்டால். கீபோர்டுக்கு ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. பாமினிக்கு அது உதவாது, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்குத்தான்.